கடைசிப் பாகமும் முதல் பாகத்தாரும்

சினிமா பார்ப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அவர்களுக்கு நான் முதல் பாகத்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் எந்தத் தொடர்படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் சரி, அது இரண்டாம் பாகமோ ஏழாம் பாகமோ, இவர்கள் கண்ணை லேசாக மூடிக்கொண்டு, துக்க வீட்டில் போனவரைப் பற்றிப் பேசுகிற குரலில், "முதல் பாகம் மாதிரி வராதுங்க" என்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஏன் வராது என்று விளக்கவும் ஆரம்பிப்பார்கள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். முன்னோட்டத்தைப் பார்த்ததுமே படம் குப்பை என்று அறிவித்தவர் யாரோ, டிக்கெட் விற்பனை தொடங்கியதும் முண்டியடித்து முதல் ஆளாக வாங்கியவரும் அவரேதான். குப்பை என்று தெரிந்த படத்துக்கு எதற்கய்யா முதல் நாள் டிக்கெட்? கேட்டுப் பாருங்கள். எந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்பார். நல்ல இடமாகப் பார்த்து, நடு வரிசையில் உட்கார்ந்து, கெட்டுப்போனதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு வருவார்.

தூரத்துக்குப் போவானேன்? என் தங்கை வீட்டுக்காரரே இந்த இனத்தின் அப்பட்டமான மாதிரி. பல் டாக்டர். முதல் பாகத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உலகத்தில் கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஆளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பஞ்சையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் வைத்து, விளக்கை மூஞ்சிக்கு நேரே திருப்பிவிட்டு, கருந்துளைக்குள் போன கப்பல் எப்படி அதே பெயின்ட்டோடு வெளியே வரும் என்று அவர் கேட்டால், யாரால் மறுத்துப் பேச முடியும்? "ஆ" என்பார்கள். அதை அவர் ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார். நானும் ஒருமுறை கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடப் போய், மூன்றாம் பாகத்தின் குறைகளை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தேன். பல் இப்போது நன்றாக இருக்கிறது.

அவர் உயிரை விடுவது ஒரு விண்கலத் தொடருக்காக. ஒரு கிழட்டுக் கப்பல், அதற்கொரு கேப்டன், எந்நேரமும் முணுமுணுக்கும் ஒரு ரோபோ, அண்டத்தையே வளைத்துப்போடத் துடிக்கும் ஒரு சக்கரவர்த்தி. முதல் பாகம் வந்தபோது மாப்பிள்ளை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தலையில் முடி இருந்தது. சமீபத்தில் அந்த முதல் பாகத்தை நானும் போட்டுப் பார்த்தேன். சக்கரவர்த்தியின் சிம்மாசனம், சத்தியமாகச் சொல்கிறேன், சலூன் நாற்காலி. மேலே பளபளவென்று துணி போர்த்தியிருக்கிறார்கள், ஆனால் கால் வைக்கும் கம்பி வெளியே தெரிகிறது. வேற்றுக் கிரகத்தில் நடக்கும் சண்டையின் நடுவே ஒரு பூனை சாவகாசமாகக் குறுக்கே போகிறது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அதில் ஓர் உண்மை இருந்தது என்றார். பூனையைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இந்தத் தொடரின் கடைசிப் பாகம் வரப்போகிறது, இதோடு கதை முடிகிறது என்று அறிவிப்பு வந்ததும் வீட்டில் சடங்குகள் தொடங்கின. ஒவ்வொரு பாகத்துக்கும் நடப்பதுதான். முந்தைய பாகங்கள் அத்தனையும் வரிசையாகத் திரும்பப் பார்க்க வேண்டும். பக்கத்தில் என் தங்கை இருந்தாக வேண்டும், ஏனென்றால் அவர் நடுநடுவே நிறுத்தி விஞ்ஞானம் சொல்லுவார். விண்வெளியில் காற்று இல்லை, அதனால் வெடிச் சத்தம் கேட்காது என்பார். என் தங்கை தலையாட்டுவாள். இத்தனைக்கும் அவள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள். அந்தக் கேள்வியைத் தேர்வுத்தாளில் வைப்பதே அவள்தான். கல்யாணமான புதிதில் ஒருதரம், தெரியும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். தெரிந்துகொண்டா இதைப் பார்க்கிறாய் என்று திருப்பிக் கேட்டாராம். அன்றிலிருந்து தலையாட்டுவதோடு சரி.

இன்னொரு சடங்கும் உண்டு. படம் முடிந்து கார் கதவைச் சாத்தும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. காரில் மாப்பிள்ளை தீர்ப்புச் சொல்லுவார். அதன் பிறகு மற்றவர்கள் அந்தத் தீர்ப்பை ஒட்டிப் பேசிக்கொள்ளலாம்.

மத்தியானக் காட்சிக்கு மூவரும் போனோம். உள்ளதைச் சொல்கிறேன், படம் ஏமாற்றம்தான். இரண்டாம் பாகத்தில் எரிமலைக்குள் விழுந்து செத்த சக்கரவர்த்தி எப்படியோ முழு உருவத்தில் வந்து நிற்கிறார். எப்படி வந்தார்? "அவர் வந்துவிட்டார்" என்று ஒருத்தர் சொல்கிறார், அதுதான் விளக்கம். கேப்டனுக்கு அதுவரை யாரும் கேள்விப்படாத ஓர் அக்கா திடீரென்று முளைக்கிறாள். சூரியனை அணைக்கும் யந்திரத்துக்குச் சாவி வேண்டுமென்று கிரகம் கிரகமாக அலைகிறார்கள். கடைசியில் பார்த்தால் அது பூட்டப்படவே இல்லை. எல்லாம் வாஸ்தவம். ஆனால் ரோபோ தன் இழவுக்குத் தானே இரங்கல் உரை வாசிக்க ஆரம்பித்து, பாதியில் பேட்டரி தீர்ந்து, மறுபடி சார்ஜ் ஏறியதும் முதலிலிருந்து தொடங்கியபோது கொட்டகையே குலுங்கியது. கப்பல்கள் வால் பிடித்துப் பறந்த பறப்பில் என் பாப்கார்ன் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் கொட்டியது, அவர் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை? முதல் கால் மணி நேரம் "ச்சு" கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு ச்சு நின்றுவிட்டது. உடம்பு நாற்காலி நுனிக்கு வந்தது. கப்பல் இரண்டாகப் பிளந்தபோது என் முழங்கையைப் பிடித்தவர் விடவில்லை. ரோபோ காட்சியில் விக்கல் மாதிரி ஒரு சிரிப்புக் கேட்டது, அது அவருடையது. கடைசியில் கேப்டன் அந்தக் கிழட்டுக் கப்பலின் சுவரைத் தட்டிக்கொடுத்து, ஓடினது போதும், ஓய்வெடு என்று சொன்னபோது, மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டுமல்ல.

விளக்குகள் எரிந்தன. அடுத்த நொடி, ஐயா, பழைய முகம் வந்துவிட்டது.

அன்றைக்கு என் தங்கை சடங்கை மீறினாள். கூட்டத்தோடு படிக்கட்டில் இறங்கும்போதே, கண் இன்னும் ஈரமாக, அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டுவிட்டாள். ஓர் ஆசையில் கேட்டதுதான். மாப்பிள்ளை நாலு பேர் காதில் விழும்படி, "உனக்கு எதுதான் நல்லா இல்ல? விளம்பரம் போட்டாக்கூட உக்காந்து ரசிப்பியே" என்றார். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று? எனக்கு அவரை அந்தப் படிக்கட்டிலேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

காரில் தீர்ப்பு நீளமாக நடந்தது. முடிந்ததும் அவள், கோபமே இல்லாத குரலில், இனிமேல் உங்களோடு படத்துக்கு வரமாட்டேன் என்றாள். மாப்பிள்ளை அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்.

விளையாட்டில்லை. அவள் தன்னோடு வேலை பார்க்கிற டீச்சர்களோடு படத்துக்குப் போகத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்ததும் இவர் ஆவலாக எப்படி இருந்தது என்று கேட்பார். நல்லா இருந்துச்சு என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். ஒரு முதல் பாகத்தாருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியுமா? தனியாக ஒரு படத்துக்குப் போய்ப் பார்த்தார். அடுக்கடுக்காகத் தப்புகள்; சொல்லத்தான் ஆளில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லத் தொடங்கினார், அவர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். கிளினிக்கில் பல் காட்ட வந்தவர்களுக்கு அந்த வாரங்களில் தேவைக்கு மேல் சிகிச்சை நடந்ததாகக் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அவ எங்கிட்ட சிரிக்கிறதில்ல மச்சான்," என்றார். "போன்ல சிரிக்கிறா. நான் ரூமுக்குள்ள போனா நிறுத்திடறா."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது. அந்தக் கடைசிப் பாகம் பிடித்திருந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். அதெப்படிச் சொல்ல முடியும், படத்தில் அத்தனை கோளாறு இருக்கிறதே என்றார். கோளாறு இருக்கட்டும், பிடித்திருந்ததா இல்லையா என்றேன். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கிளினிக்கில் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதே படத்தை இன்னொரு தரம் போய்ப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். எதற்கு? குறை ஏதாவது விட்டுப்போயிருந்தால்? சரி, கப்பலைத் தட்டிக்கொடுக்கிற இடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

கையோடு அழைத்துக்கொண்டு போனேன். என் தங்கை சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை நின்றபடியே தொண்டையைக் கனைத்தார். எத்தனையோ பேரை வலிக்காது என்று சொல்லி வாயைத் திறக்க வைத்த மனிதர், தன் வாயைத் திறக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

"அந்தக் கடைசிப் படம் இருக்குல்ல, எனக்குப் பிடிச்சிருந்துது. ஆனா..."

"ஆனா வேண்டாம். அதோட நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினார். அந்த "ஆனா" அவர் தொண்டைக்குள் மேலும் கீழும் போய்வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அதுல எத்தன தப்புன்னு உங்களவிட எனக்குத் தெரியும். அதத் தேடவா நான் வந்தேன்? இருட்டுல கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரே ஒருத்தர், அவர் பக்கத்துல உக்காரத்தான் எல்லாப் பாகத்துக்கும் வந்தேன். லைட்டப் போட்டதும் அவரக் காணோம். வேற யாரோ எங்கூட படியிறங்கி வர்றாங்க."

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து, படிக்கட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். அதற்கும் பிறகு, ரோபோவுக்கு சார்ஜ் ஏறியதும் முதலிலிருந்து ஆரம்பித்ததே, அது அபாரம் என்றார். என் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் சிரிக்கிற அதே சிரிப்பு. அதற்குமேல் அங்கே எனக்கு என்ன வேலை? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாப்பிள்ளை முழுக்கத் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த இனம் அவ்வளவு லேசில் திருந்தாது. இப்போது மறுபடி சேர்ந்துதான் படத்துக்குப் போகிறார்கள். முதலில் அவள் பேச வேண்டும், பிறகுதான் அவர் என்று ஏற்பாடு. அவள் பேசி முடிக்கும் வரை அவர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

போகட்டும், உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படிக்கும்போது, நமக்குத் தெரிந்த ஒருத்தர் அச்சு அசலாக இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கடுத்து நீங்கள் நினைத்ததும் எனக்குத் தெரியும். ஆரம்பம் ஜோராக இருந்தது, பல் டாக்டர் நாற்காலி வரைக்கும் சரிதான், பாவி கடைசியில் கோட்டை விட்டுவிட்டான், இவன் முன்னே எழுதினது மாதிரி வராது. இல்லையா? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், நான் வருத்தப்படமாட்டேன். ஆனால் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஓரிரு இடத்தில் உங்கள் உதடு விரிந்ததை, உங்கள் வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவர் பார்த்துவிட்டார். எப்படி இருந்தது என்று இப்போது கேட்கப்போகிறார். அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.