புயல் தாங்கிய வீடும் திறக்காத கதவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். நீங்களும் சம்பந்தி அம்மாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. மூன்று நாள் உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தவன் எந்த முகத்தோடு கேட்பது?

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு தூண், ஆறங்குலக் கான்கிரீட் கூரை, பெருவிரல் பருமனில் கம்பி. காற்று தலைகீழாக நின்றும் ஒரு கீறல் விழவில்லை. "புயல் வருது, உங்க ஓட்டு வீட்டுல என் பொண்ணையும் பேரனையும் விட்டு வைக்க முடியாது" என்று உங்கள் கூடத்திலேயே நின்று பேசி அவர்களை அழைத்து வந்தவன் நான். புயல் ஓய்ந்ததும் வெளியே வரலாம் என்று பார்த்தால், பின்கதவை மரம் விழுந்து அடைத்திருக்கிறது; முன்கதவோ இரும்பு, காற்று உள்ளே தள்ளக் கூடாதென்று வெளிப்பக்கம் திறக்கும்படி நான் சொல்லிச் செய்தது, அது வாசற்படியில் முட்டிக்கொண்டு ஓர் அங்குலம் நகரவில்லை. படியை உயர்த்திக் கட்டிய கொத்தனாரின் லட்சணம் அப்படி! நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் மகள் உங்களைக் கூப்பிட்டாள், நீங்கள் ரம்பத்தோடு வந்து ஜன்னல் கம்பியை அறுத்தீர்கள், பேரன் வந்தான், மகள் வந்தாள், மனைவி வந்தாள், நான் மட்டும் பாதியில் நின்றுவிட்டேன். "மூச்ச வெளிய விடுங்க சம்பந்தி, வயித்த உள்ள இழுங்க" என்று நீங்கள் சொல்ல, தெருவே கூடி நின்று தன் வயிற்றை உள்ளே இழுத்தது.

உங்கள் வீட்டில் நாலு ஓடுதான் போயிருந்தது. மூன்று நாளில் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை நீங்கள். காட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். படியை உடைக்க வந்த கொத்தனாரை மகள் எதிரிலேயே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் படியை உடைத்து, கதவைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.

பேரனுக்கு என் ஆசிகள், மற்றவர்களுக்கு அன்பு.

வெட்கத்துடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கொத்தனாரைப் பற்றி மேலே எழுதியது பொய். மழைத்தண்ணீர் ஏறக் கூடாதென்று, அவர் வேலை முடித்துப் போன பிறகு முன்கதவைச் சாத்தி வைத்துப் படியில் மூன்றங்குலம் சிமென்ட் பூசியவன் நான்தான்; படி காயட்டும் என்று எல்லோரையும் பின்கதவு வழியாக உள்ளே அழைத்தவனும் நான்தான். நான் பூசும்போதே தெருவில் நின்று நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்தும், ஜன்னலுக்கு வெளியே மகளிடம், "கொத்தனார் கவனிக்காம விட்டுட்டார்மா, அப்பா என்ன பண்ணுவார்?" என்றீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு நல்ல மனிதரை அப்படிப் பேசினேன். நாளை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மகளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. படித்துவிட்டுக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும். பின்குறிப்பைக் கிழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள்.