தோல்விக்கு அனுமதி இல்லை

உலக நாகரிகத்துக்கு த்ருதோவ்ஸ்க் நகரம் அளித்த கொடைகள் இரண்டு. ஒன்று, அங்கே தயாராகும் இரும்புக் குழாய். மற்றது, கிக்பாக்ஸிங் வீரன் கிளேப் சவ்ராசவ். குழாய் ஒழுகுகிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. சவ்ராசவ் மீது அப்படி ஒரு புகாரும் கிடையாது. பத்து வருஷமாக அவன் யாரிடமும் தோற்றதில்லை. அந்தப் பத்து வருஷத்தில் அதிகாரபூர்வமாக யாரோடும் மோதவில்லை என்பது சிறு விவரம். நகராட்சி விளையாட்டுக் குழுவின் ஆண்டறிக்கையில் அதற்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை.

கிக்பாக்ஸிங்கில் உலகம் ஒன்றல்ல என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சம்மேளனங்கள் பதினொன்று, சம்மேளனத்துக்கு ஓர் உலகம், ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு சாம்பியன். சவ்ராசவ் ஏழாவது உலகத்தின் சாம்பியன். நான்கு பேர் மோத வேண்டிய அந்தப் போட்டியில் ஒருவருக்கு விசா கிடைக்கவில்லை. இன்னொருவர் ரயில் மாறி ஏறிவிட்டார். எஞ்சிய ஒருவரை அவன் நேர்மையாகவே வீழ்த்தினான். குழுவின் ஆண்டுத் திட்டத்தில் ‘உலக சாம்பியன்: ஒன்று, நான்காம் காலாண்டு’ என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தார்கள். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி அவன் வென்றதும் திட்டம் நூறு சதவீதம் ‘நிறைவேறியது’.

அன்றிலிருந்து அவனுக்கு ஓய்வில்லை. செப்டம்பர் முதல் தேதி பள்ளிக்கூடங்களில் சொற்பொழிவு. குளிர்காலத்தை வழியனுப்பும் மாஸ்லெனித்ஸா திருவிழாவில் மேடையேறி அப்பம் தின்பது. தீயணைப்பு வீரர் தினத்தில் தீயணைப்பு வண்டிமீது நிற்பது. இப்படி ஆறு வருஷம் நின்றதில் எண்பத்தொரு கிலோ சாம்பியன் தொண்ணூற்று மூன்று கிலோ சாம்பியன் ஆனான். எந்த உலகத்திலும் இல்லாத முன்னேற்றம்.

ஆனால் சவ்ராசவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தான் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன்தானா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான்: நிஸ்னெகோர்ஸ்க்காரன் ஸாகர் பலாந்தின். இளம் வயதில் இருவரும் மோதியபோது இரண்டாவது ரவுண்டில் அரங்கத்தில் மின்சாரம் போய்விட்டது. ஆட்டம் அப்படியே நின்றுபோயிற்று. முழங்கால் முற்றாகத் தேய்வதற்குள் அதை முடித்தாக வேண்டும் என்று குழுத் தலைவி வலேரியா இக்னாத்யெவ்னாவிடம் போனான்.

“பலாந்தினோட மோதணும். அனுமதி கொடுங்க.”

“எதுக்கு கிளேபுஷ்கா?” என்று செல்லப் பெயர் சொல்லிக் கேட்டாள்.

“நான் நல்லா ஆடுறவனான்னு தெரிஞ்சுக்கணும்.”

“நீ உலக சாம்பியன்ப்பா. கீழ செவுத்துல படம் மாட்டியிருக்கே, வரும்போது பாக்கலையா?”

“ஏழாவது உலகம்தானே.”

“மத்த பத்துலயும் நமக்கு ஆள் இல்ல. இருக்கறத வெச்சுக்கத் தெரியணும்.” அவள் தேநீரையும் செர்ரி ஜாமையும் அவன் பக்கம் தள்ளினாள். “தோத்துட்டேன்னு வை. புள்ளிவிவரம் ஒண்ணுலேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கும். நூறு சதவீத வீழ்ச்சி. என் இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல அப்படி ஒண்ண நான் பாத்ததில்ல.”

“ஜெயிச்சா?”

“ஜெயிச்சாலும் ஒண்ணுதான். ஏற்கெனவே இருக்கிற அதே ஒண்ணு. அப்புறம் எதுக்கு மெனக்கெடணும்? ஜாம் எடுத்துக்கோ.”

இந்தக் கணக்கில் பிழை காணச் சவ்ராசவால் முடியவில்லை. இன்றுவரை யாராலும் முடியவில்லை.

இருந்தாலும் அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. நகரத்தின் ஆண்டு விழாவுக்குப் பலாந்தினை ‘நட்புறவுக் காட்சி’க்காக வரவழைத்தாள். அவன் நான்காவது உலகத்தின் சாம்பியன். அவனுடைய ஊருக்கும் இருப்பது அவன் ஒருவன்தான். எனவே இரண்டு ஊர்க் குழுக்களும் கூடி ஓர் ஒப்பந்தம் தயாரித்தன. மூன்று ரவுண்டு. முடிவு சமன். ‘பின்விளைவுகள் அற்ற தொடுதல்’ அனுமதிக்கப்படும்.

விழா நாளில் இரு உலகங்களும் ஒன்றையொன்று சுற்றிவந்தன. மூன்றாவது சுற்றில் கூட்டத்திலிருந்து ஒரு குரல், “பேசாம கல்யாணம் பண்ணிக்கோங்கடா ரெண்டு பேரும்” என்றது. சவ்ராசவ் பலாந்தினைக் கட்டிப் பிடித்தபடி காதருகே கேட்டான்.

“ஏன்ப்பா அடிக்க மாட்டேங்கற?”

“கையெழுத்துப் போட்டுட்டேன். நீ?”

“நானும்தான். அன்னிக்கு லைட்டு போச்சே, ஞாபகம் இருக்கா?”

“பதிமூணு வருஷமா அதை நெனச்சுத்தான் தூக்கமே வரல.”

விருந்தாளியைக் குளியல் வீட்டுக்கு அழைத்துப்போகாமல் அனுப்பும் வழக்கம் த்ருதோவ்ஸ்கில் இல்லை. அன்று மாலை அதிகாரிகள் நீராவி அறைக்குள் புகுந்ததும், வீரர்கள் இருவரும் உடை மாற்றும் அறையிலேயே தங்கிவிட்டார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார்கள். துண்டைக் கிழித்துக் கையில் சுற்றினார்கள். குளியல் வீட்டுக் காவலர் ஸவேலி, தலையில் கம்பளித் தொப்பியோடு எட்டிப் பார்த்தார்.

“அடிச்சுக்கறதுன்னா வெளிய போங்கப்பா. கதவு தொறந்து தொறந்து ஆவி வீணாப்போகுது.”

“ஸவேலி மாமா, நீங்கதான் நடுவர்.”

“எனக்கு இதுல என்ன தெரியும்?”

“பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமா?”

“அதெல்லாம் தெரியும்” என்று ஸவேலி கொஞ்சம் கோபமாகவே சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் ரவுண்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் பலாந்தினின் இடது கால் சவ்ராசவின் காதில் வந்து இறங்கியது. குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ள வைத்திருந்த பிர்ச் இலைக் கொத்துகளின் மேல் அவன் விழுந்தான். ஸவேலி எண்ணினார். ஆறில் நிறுத்தி, “தண்ணி ஊத்துய்யா” என்று உள்ளேயிருந்து கத்திய துணை மேயருக்காக, ஆவி கிளப்பும் சூடான கல்லில் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, ஏழு என்றார். ஒன்பதில் சவ்ராசவ் எழுந்துவிட்டான். மூன்றாவது ரவுண்டில் பலாந்தினின் மூக்கை உடைத்தான்.

ஸவேலி வெகுநேரம் யோசித்தார். “நீ தோத்துட்ட, கிளேப். ஆனா கொஞ்சம்தான்.”

“நல்லாத்தான் ஆடுற” என்றான் பலாந்தின், மூக்கைப் பிடித்துக்கொண்டு. சவ்ராசவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை உலகப் பட்டம் வாங்கிய அன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, வீங்கிய காதோடு குழு அலுவலகத்தில் நின்றான்.

“நான் பலாந்தின்கிட்ட தோத்துட்டேன். எழுதிக்கோங்க.”

“எங்க தோத்த?”

“குளியல் வீட்டுல.”

“குளியல் வீடு விளையாட்டு அரங்கம் இல்லப்பா. அங்க விழுந்தா அதுக்குப் பேரு வழுக்கி விழுந்தது.”

“ஸவேலி மாமா எண்ணினாரே.”

“அவருக்கு நடுவர் சான்றிதழ் இருக்கா?”

இல்லை. மூவர் கமிஷன் தரையை நேரில் ஆராய்ந்து, குற்றம் சோப்பினுடையது என்று ஒருமனதாக முடிவு செய்தது. ஸவேலிக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை.

“நீ ரொம்பக் களைச்சுப்போயிட்ட கிளேபுஷ்கா” என்றாள் வலேரியா இக்னாத்யெவ்னா. “துணைத் தலைவர் பதவி காலியா இருக்கு. காது ஆறுற வரைக்குமாவது உக்காரு.”

தோல் நாற்காலி. தனிக் கெட்டில். தனி முத்திரை. காது ஆறும்வரை என்றுதான் அவனும் உட்கார்ந்தான்.

போன வாரம் ஸ்னெஷானா கோல்த்சோவா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண், பக்கத்து நகரப் போட்டியில் மோத அனுமதி கேட்டு மனுவோடு வந்தாள். தான் நல்லா ஆடுறவளான்னு தெரிஞ்சுக்கணுமாம். துணைத் தலைவர் சவ்ராசவ் மனுவை இரண்டு முறை படித்தார். அவளுக்குத் தேநீர் ஊற்றினார். “எதுக்கும்மா? தோத்துட்டா?” என்று கனிவோடு கேட்டுவிட்டு, ‘உசிதமில்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார். முத்திரை வெகு சுத்தமாக, நல்ல பலத்தோடு விழுந்தது. கை இன்னும் தளரவில்லை.

பலாந்தின் உதைத்தபோது ஒன்பதில் எழுந்தவர் அவர். இந்த நாற்காலியில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது; எண்ணுவதற்குத்தான் இன்னும் ஆள் நியமிக்கப்படவில்லை.