ஐந்தாவது சாட்சி

ஒரு சாட்சி குறைந்தது.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு இல்லாமல் மரண சாசனம் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். மார்ஜரியின் மேசையைச் சுற்றி நின்றவர்கள் அவள் தம்பி கிறிஸ்தோபர், அவர் மனைவி, அவர்கள் மகன் கிறிஷாந்த், மருமகள் என நாலு பேர்.

"நொத்தாரிசையே கூப்பிடலாமே அக்கா."

"வெளியாளுக்கு எதுக்கு நம்ம வீட்டுக் கதை? நீங்களே சாட்சிக் கையெழுத்து வைங்க. நாளைக்கு எனக்குப் புத்தி சரியில்லன்னு யாரும் சொல்லக்கூடாது."

"நான் வைக்கிறேன் அத்தை," என்றாள் டிலுக்ஷி. இறந்துபோன அண்ணனின் மகள். மார்ஜரியைக் குளிப்பாட்டுவதும் அவளுக்கு ஊட்டுவதும் இவள்தான். இந்த அலுவிகாரை வீட்டை விட்டால் இவளுக்கு வேறு வீடு இல்லை.

"நீ போய்த் தேத்தண்ணி ஊத்து."

கிறிஷாந்த் எழுதினான். வீடு அவனுக்கும் அப்பாவுக்கும். யட்டவத்த மிளகுத் தோட்டம் அம்மாவுக்கு. நகை மனைவிக்கு.

"மீதி டிலுக்ஷிக்கு," என்றாள் மார்ஜரி.

"மீதின்னா கோழிக்கூடுதான்," என்று கிறிஷாந்த் சிரித்தான்.

ஐந்தாவது சாட்சியாகக் கிறிஸ்தோபரின் மைத்துனர் றெஜினோல்டை நாவுலயிலிருந்து வரவழைத்தார்கள்.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். சும்மா கையெழுத்தா?"

கோழிக்கூடு அவருக்குப் போனது.

டிலுக்ஷி தேத்தண்ணியோடு வந்தாள். "ஆறாவதா நானும் வைக்கட்டுமா?"

மார்ஜரி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "சீனி பத்தல. போ."

சீனி சரியாக இருந்தது.

அடுத்த மழைக்கு மார்ஜரி இறந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் கிறிஸ்தோபர் அளவுநாடாவோடு வந்தார். மகனுக்கும் அவருக்குமான எல்லை டிலுக்ஷியின் கட்டிலுக்குக் குறுக்கே போனது.

"கட்டிலை எடு," என்றார்.

றெஜினோல்ட் கூட்டை லொறியில் ஏற்றினார். கோழிகளை இறக்கிவிட்டார்.

"கூடுதான் எனக்கு. கோழி மீதி. அது உனக்கு."

நேர்மையான மனிதர்.

சாசனத்தை எடுத்துக்கொண்டு மாத்தளையில் சட்டத்தரணி நுஸ்லாவின் அலுவலகத்துக்கு எல்லோரும் போனார்கள். டிலுக்ஷி ஒரு பெட்டியோடும் ஒரு பை கோழியோடும் வாசலருகே உட்கார்ந்தாள்.

நுஸ்லா இரண்டு முறை வாசித்தாள். "இதெல்லாம் உங்க கையெழுத்தா?"

"எங்க அஞ்சு பேரோடதும். டிலுக்ஷியை நாங்க சேர்க்கல," என்றார் கிறிஸ்தோபர்.

"சாட்சி வச்சவங்களுக்கு எழுதின சொத்து செல்லாது. அவ்வளவும் மீதியோட போய்ச் சேரும்."

பைக்குள்ளிருந்து ஒரு கோழி எட்டிப் பார்த்தது.

"அக்காவுக்குக் கடைசியில புத்தி சரியில்ல," என்றார் கிறிஸ்தோபர்.

"நல்ல புத்தியோட எழுதினாங்கன்னு நீங்கதானே கையெழுத்து வச்சிருக்கீங்க."

"அப்ப பாவம், சட்டம் தெரியாம எழுதிட்டாங்க."

நுஸ்லா கடதாசியை மடித்து டிலுக்ஷியிடம் நீட்டினாள்.

"போன வருஷம் என்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனாங்க. 'நாலு பேரு தானா வந்துருவாங்க, அஞ்சாவது ஆளைத்தான் நாவுலயில இருந்து கூப்பிடணும்'னாங்க."