சத்து ஊசியும் அரை மணி நேரமும்

பொய் சொல்வதில் எனக்குக் கைராசி கிடையாது. காலையில் சொன்ன பொய் சாயங்காலத்துக்குள் வீடு தேடி வந்து கதவைத் தட்டும். அப்படிப்பட்ட நான் ஒரே பொய்யை மூன்று மாதம் கட்டிக் காத்தேன். அது எப்படி முடிந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். (ஊகித்தாலும் கிட்டத்தில் வர மாட்டீர்கள்.)

எங்களுக்குத் திருவண்ணாமலையில் மெத்தைக்கடை. தாத்தா காலத்திலிருந்து இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. இந்த ஊரில் கல்யாணம் ஆனவர்களில் பாதிப் பேர் எங்கள் மெத்தையில் சண்டை போட்டு, எங்கள் மெத்தையிலேயே சமாதானம் ஆனவர்கள் என்று அத்தா பெருமையடிப்பார். "நம்ம மெத்தையில படுத்தா டாக்டர் செலவே கெடையாது சார்" என்பது அவர் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லும் வசனம். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் பின்னால் பில் போட்டுக்கொண்டிருக்கும் அவருடைய ஒரே மகள், அதாவது நான், தும்முவேன்.

தும்மாமல் விடிந்த காலை எனக்கு நினைவில் இல்லை. தும்மல், மூக்கொழுகல், வருஷம் போகப் போக இளைப்பு. அத்தா ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். மார்கழி என்றால் பனி. கார்த்திகை என்றால் தீபப் புகை. சித்திரை என்றால் ஐஸ் மோர். மெத்தை மட்டும் அந்தப் பட்டியலில் வரவே இல்லை.

இருபத்தாறு வயதில், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, வேங்கிக்கால் பக்கம் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனேன். அவர் என் முன்கையில் தூசி, மகரந்தம் என்று விதவிதமான சாரத்தை வரிசையாகச் சொட்டு வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில் ஒரு புள்ளி மட்டும் கொசு கடித்த இடம்போல் ஆரம்பித்து, வடை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

"தூசிப்பூச்சிம்மா. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணையிலதான் ஜாஸ்தி இருக்கும். வீட்டுல பழைய மெத்தை எதனா இருக்கா?"

"எங்க வீட்டுல மெத்தையைத் தவிர வேற எதுவுமே இல்ல டாக்டர்" என்றேன்.

சிகிச்சையை விளக்கினார். அந்தப் பூச்சியின் சாரத்தையே துளித்துளியாக ஊசியில் ஏற்றி, உடம்பை அதற்குப் பழக்குவார்களாம். வாரம் ஒரு ஊசி, அளவு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் மாதம் ஒன்று. மொத்தம் மூன்று வருஷத்துக்குக் குறையாமல். மருமகளை மாமியார் வீட்டுக்குப் பழக்குவது மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

எல்லாம் சரி, அத்தாவிடம் எப்படிச் சொல்வது? மெத்தைக்கடைக்காரர் மகளுக்கு மெத்தையால் வியாதி என்பது தேரடி வீதி வரைக்கும் பரவினால் கடை என்ன ஆகும்? கடையைக்கூட விடுங்கள், அந்த மனுஷர் முகம் என்ன ஆகும்? அதனால் "உடம்பு வீக்கா இருக்குதுத்தா, வாரா வாரம் சத்து ஊசி போடச் சொல்லியிருக்காங்க" என்றேன். அத்தா உடனே ஒப்புக்கொண்டதோடு, தினம் ஒரு முட்டையும் சேர்த்துவிட்டார்.

இந்த ஊசியில் ஒரு சட்டம் உண்டு. போட்டதும் எழுந்து ஓடக் கூடாது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பூச்சிச் சாரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் தடிப்பு, மூச்சடைப்பு எல்லாம் வரலாம், வந்தால் உடனே மாற்று ஊசி போட வேண்டும். இதற்குக் காவல் நர்ஸ் செல்வி அக்கா. போனில் அரை மணிக்கு மணி அடிக்க வைத்துவிட்டு, நம் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"செல பேருக்கு லேட்டா கூட வரும் ஷமீனா. அதனால அரை மணி ஆச்சுன்னு ஆட்டம் போடாத, வீட்டுக்குப் போயும் பாத்துக்கோ" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

அந்த அரை மணி எனக்கு நரகம். கை அரிக்கிறதா? நாக்கு தடிக்கிறதா? இது மூச்சா, பெருமூச்சா? பயந்தே செத்துவிடுவேன் போலிருக்கும். இவ்வளவு பயந்தவள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஓடிப்போனேன்.

அன்று புது மருந்து, அளவு கூட்டிய குப்பி. காலையிலிருந்து எனக்கு லேசாக இளைப்பு. டாக்டர் "இன்னைக்கு இளைப்பு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றால் ஊசியைத் தள்ளிப்போட்டு, நெஞ்சைச் சோதித்து, நேரம் ஆக்குவார். பதினோரு மணிக்குக் கடையில் எனக்கு வேலை இருந்தது. "இல்ல டாக்டர்" என்றேன். ஊசி ஏறியது.

எட்டாவது நிமிஷம் அத்தா போன் செய்தார்.

"எங்கம்மா இருக்க? பார்ட்டி இப்பவே வந்துட்டாரு. நீ இல்லாம நான் இன்னாத்த பேசறது?"

பார்ட்டி என்பது ஏழுமலை. கீழ்பென்னாத்தூர்க்காரர். ரமணாசிரமம் பக்கம் பன்னிரண்டு அறைகளோடு விடுதி கட்டியிருந்தார். பன்னிரண்டு அறைக்கும் மெத்தை.

"அரை மணி ஆவும்த்தா."

"சத்து ஊசிக்கு எதுக்கும்மா அரை மணி?"

பாருங்கள், பொய் எப்படி வந்து கதவைத் தட்டுகிறதென்று. போனை வைத்தேன். செல்வி அக்காவிடம் பாத்ரூம் போவதாகச் சொன்னேன். பின்வாசல் வழியாக வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அன்று பௌர்ணமி இல்லை. இருந்திருந்தால் கிரிவலக் கூட்டத்தில் மாட்டி, இதை எழுத இன்று நான் இருந்திருக்க மாட்டேன்.

வழியில் உள்ளங்கை அரித்தது. உள்ளங்கை அரித்தால் காசு வரும் என்பார்கள் அல்லவா, நானும் ஆர்டர் நமக்குத்தான் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு கையும் அரித்தபோது இரட்டைச் சந்தோஷம். (பட்டதாரி என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை.)

கடையில் அத்தா ஒரு மெத்தையின் தையலைப் பிரித்து, பஞ்சை அள்ளி ஊதிக்கொண்டிருந்தார். "தூசி இருக்கா பாருங்க சார். ஒரு பொட்டு இருக்காது." பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, படுத்துக் காட்டும்மா."

இது எங்கள் கடைப் பழக்கம். ஐந்து வயதிலிருந்து நான்தான் படுத்துக் காட்டுவேன், மெத்தை அமுங்கி எழுவதை வாடிக்கையாளர் பார்ப்பார். படுத்தேன். முதல் தும்மல் வந்தது. அடுத்து வந்தவற்றை எண்ண முடியவில்லை. கழுத்திலிருந்து தடிப்பு ஏறியது. உதடு எனக்குச் சொந்தமில்லாதது போல் கனத்தது. நெஞ்சு விசிலடித்தது.

ஏழுமலை இரண்டடி பின்னால் போனார். "இன்னாங்க பாய், மெத்தையில எதனா இருக்குதா?"

"சேச்சே, சத்து ஊசி போட்டிருக்கு சார். சத்து ஜாஸ்தியாயிருக்கும்."

அந்தச் சமயம் என் போன் அடித்தது. அத்தா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். செல்வி அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ஷமீனா, இவ்ளோ நேரம் பாத்ரூம்ல இன்னா பண்ற? கதவத் தட்டுனா உள்ள வேற யாரோ ஆம்பள இருமுறாரு. தூசிப்பூச்சி ஊசி போட்டுட்டு எங்கயாச்சும் போயிட்டியா?"

"இன்னா பூச்சி?" என்றார் அத்தா.

எழுந்து உட்கார்ந்தேன். குரல் வரவில்லை. வந்த அளவுக்குச் சொன்னேன். "சத்து ஊசி இல்லத்தா. மெத்தைப் பூச்சி ஊசி. மெத்தையாலதான் எனக்கு இளைப்பு."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான விற்பனை வாசகம் அதுதான். ஆனால் அந்த ஏழுமலை நல்ல மனுஷர். "மொதல்ல பொண்ண ஏத்துங்க பாய்" என்று தன் குட்டி யானை வண்டியைக் கிளப்பினார். முன்னால் அவரும் நானும். பின்னால் சாம்பிளுக்கு ஏற்றிய இரண்டு மெத்தைகள் மேல் அத்தா. வேங்கிக்கால் வரைக்கும் பின்கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தார். "மூச்சு விடுறாளா? சார், மூச்சு விடுறாளா?" சாகப்போகிறோம் என்ற பயத்தைவிட, அந்தத் தட்டல் நின்றுவிடுமோ என்ற பயம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

தொடையில் மாற்று ஊசி இறங்கியது. நெஞ்சு தடதடவென்று அடித்து, பிறகு மெல்ல மூச்சு திரும்பியது. செல்வி அக்கா என்னைத் திட்டி முடித்து, வாய் ஓயாமல் அத்தாவையும் திட்டினார். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப இருவத்தாறு வருஷமா எம்பொண்ண நான்தான் இளைக்க வெச்சேனா சார்?"

"உங்க மெத்தையில மட்டும் இல்ல பாய். எங்க வீட்டு மெத்தையிலயும் அந்தப் பூச்சி இருக்குது. இவ உடம்புக்கு அது ஆவல, அவ்ளோதான்."

அத்தா தலையாட்டினார். ஆனால் என் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்த முகம் அதுதான். மூன்று மாதம் பொய் சொல்லியும் அதைத் தடுக்க முடியவில்லை.

ஏழுமலை வேறு எங்கோ ஃபோம் மெத்தை வாங்கிக்கொண்டார். (நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.) டாக்டர் அளவைக் குறைத்து ஊசியைத் தொடர்ந்தார். அடுத்த வாரத்திலிருந்து அத்தா கூடவே வர ஆரம்பித்தார். செல்வி அக்காவின் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் சேர்த்து உட்கார வைப்பார். நான் பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நின்று "இருக்கியா?" என்பார். பூச்சி புகாத ஜிப் உறையைத் தைக்கக் கற்று, முதல் உறையை என் மெத்தைக்கே போட்டார். மூன்று வருஷத்தில் தும்மல் கம்மியாகி, இளைப்பு அநேகமாக நின்றே போனது.

அதற்குப் பிறகுதான் என் நிக்காஹ். எல்லாம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது, அத்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை மணி உக்காரட்டும்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. விருந்துக்கு வந்திருந்த செல்வி அக்கா மட்டும் "கரெக்ட்டு பாய்" என்று போனில் மணியை வைத்தார். மண்டபமே காத்திருக்க, அத்தா என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கை அரிக்குதா?"

"இல்லத்தா."

"எதனா ஒத்துக்கலன்னா இப்பவே சொல்லிடு. வீட்டுக்குப் போயிடலாம்."

சிரித்துக்கொண்டே அழுதேன். மணி அடித்தது. அத்தா இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார்.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்தால் என் வீட்டுக்காரர் இதைத்தான் எடுப்பார். "அரை மணி குடுத்தாரே உங்க அத்தா, அப்பவே சொல்லியிருக்கணும். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

என்னிடமும் பதில் தயாராக இருக்கிறது.

"செல பேருக்கு லேட்டா கூட வரும்னு செல்வி அக்கா சொல்லியிருக்காங்க."