பானெட்டின் மேல் மூன்று மல்லாட்டை

விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், யாராலும் ஏமாற்ற முடியாத ஆள் என்று ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் சாம்பிள் அக்கா. ஊரில் உள்ள சந்தேகம் மொத்தத்தையும் அவரே குத்தகைக்கு எடுத்திருந்ததால், எங்களைப் போன்றவர்கள் நிம்மதியாக எதையும் நம்பிக்கொண்டிருந்தோம்.

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் விதைக் கம்பெனியில் அவர் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். விதைக்கு வரும் வேர்க்கடலை மூட்டையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மூட்டையை, குத்தூசியால் குத்தி, ஒரு பிடி சாம்பிள் எடுத்து, சொத்தையா சுருக்கமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூட்டையின் நடு வயிற்றில் குத்துவார்கள். அக்கா மூட்டையைச் சாய்க்கச் சொல்லி அடியில் குத்துவார். மேலாக இருப்பதெல்லாம் நமக்குக் காட்டுவதற்காக வைத்தது என்பது அவர் கட்சி. இருபது வருடமாக அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

இந்தப் பழக்கம் ஆபீஸ் வாசலோடு நிற்கவில்லை. அவருடைய அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா வாசலில் குந்தி அவருடைய செருப்பைப் புரட்டி, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் அக்கா வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கையோடு உள்ளே எடுத்துப்போகிறார்.

கார்ப் பக்கம் அவர் வந்தது தற்செயல்தான். எங்கள் கேஷியர் போனில் விளம்பரம் பார்த்து ஒரு பழைய கார் வாங்கக் கிளம்பினார். பேச்சுத் துணைக்கு அக்காவையும் கூட்டிப்போனார். அக்காவுக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாது. அவர் அந்த காரை நாலு சக்கரம் வைத்த மூட்டையாகப் பார்த்தார். கால்மிதியைத் தூக்கினார், சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். கைப்பையில் இருந்த காந்தத்தை எடுத்து பாடி முழுக்க ஒட்டிக்கொண்டே போனார். வலப்பக்கக் கதவில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. இடித்து நசுங்கிய இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் யாரும் அக்கா இல்லாமல் பழைய கார் வாங்கியதில்லை. விற்கிற புரோக்கர்கள் பேரம் ஆரம்பிக்கும் முன், "அந்த அம்மா வராங்களா?" என்று கேட்கும் அளவுக்கு அவர் புகழ் பரவியது. எனக்கு அதில் ஒரே பெருமை. அவர் எங்கள் ஆபீஸ் என்று டீக்கடையில் வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த நானே ஏமாறப் போனேன்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து என் மனைவி உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துவிட்டது. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பைக் கூடாது, பஸ் கூடாது, ஆனால் செக்கப்புக்குத் தவறாமல் வர வேண்டும். வீடு திண்டிவனத்தில், ஆஸ்பத்திரி விழுப்புரத்தில். சேமிப்பு போதாமல் அவள் வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பணம் போனால் இன்னொரு கார் வாங்க வழியே கிடையாது.

அந்த அவசரத்தில் போனில் ஒரு வெள்ளைக் கார் கண்ணில் பட்டது. ஒரே ஓனர், ஓட்டம் குறைவு, விலை மற்ற வண்டிகளில் பாதி. விற்பவர் தன்னை ராணுவத்தில் இருப்பவர் என்றார். திடீரென்று வடக்கே மாற்றல் வந்துவிட்டதாம். கார் சென்னை ஏர்போர்ட்டில் நிற்கிறதாம். கேட் பாஸுக்கு மட்டும் முன்பணம் போட்டால் வீட்டு வாசலுக்கே வண்டி வந்துவிடுமாம். அடையாள அட்டை, சீருடை போட்ட படம் எல்லாம் மளமளவென்று அனுப்பினார். இன்னொருவர் காசோடு காத்திருக்கிறார், ஜல்தி என்றார். மதிய சாப்பாட்டு நேரத்தில் பணம் அனுப்ப நான் கட்டைவிரலைப் போனில் வைக்கப் போனபோது, எதிரில் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா இடது கையால் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

கார் படத்தைப் பெரிதாக்கினார். காரைப் பார்க்கவில்லை, காருக்குப் பின்னால் பார்த்தார்.

"தம்பி, பின்னாடி மஞ்சமஞ்சேன்னு பூத்துக் கெடக்குதே, அது இன்னான்னு தெரியுதா? கடுகு. ஏர்போர்ட்டுல எவன் கடுகு போட்டு வச்சிருக்கான்?"

விதைக் கம்பெனியில் பதினோரு வருடம் குப்பை கொட்டிய எனக்கு அந்த வயல் கண்ணிலேயே படவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. பழைய படமாக இருக்கலாமே அக்கா என்று இழுத்தேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த ஆளுக்கு அவரே போன் போட்டார். குரலில் அப்படி ஒரு பணிவு.

"சார், நான் தம்பியோட அக்கா பேசறேங்க. வண்டி ரொம்பப் புடிச்சிருக்கு, காசு ரெடியா இருக்குது. ஒரே ஒரு சாம்பிள் மட்டும் வேணும். பானெட்டு மேல மூணு மல்லாட்டை வச்சி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எங்க ஊட்டு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. வண்டி உண்மையில் கையில் இருப்பவன் எதையாவது வைத்துப் படம் எடுக்க இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான் கணக்கு. அந்த ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் படம் வந்தது. அதே கார், அதே கடுகு வயல். பானெட்டின் மேல் மூன்று மல்லாட்டை, ஒவ்வொன்றும் பூசணிக்காய் பருமன். ஆபீஸ் மொத்தமும் சுற்றி நின்று பார்த்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக ஆராய்ந்தார்.

"வெளச்சல் பிரமாதமா இருக்குது. வெதைக்கு ஒரு மூட்ட கெடைக்குமான்னு கேளு."

கேட்கவும் செய்தார். அடுத்த மூன்று நாள் அந்த ஆளை அவர் விடவே இல்லை. ஹாரன் சத்தம் சாம்பிள் வேண்டும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து லாரியின் ஏர் ஹாரன் கேட்டது. டிக்கி மூடும் சத்தம் வேண்டும் என்றார். யாரோ பீரோவைச் சாத்தினார்கள். மூன்றாம் நாள் அந்த ஆளே அக்காவின் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதன் பிறகு என்னை உட்காரவைத்து சைபர் போலீசுக்குப் புகார் எழுத வைத்தார்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் மூட்டை அடுக்கின் பின்னால் போய் நின்றேன். கழற்றிக் கொடுத்த வளையலின் தடம் என் மனைவியின் மணிக்கட்டில் இன்னும் மறையவில்லை. அழுகையே வந்துவிட்டது.

இனி நேரில் பார்க்காமல் பைசா நகராது என்று அக்கா அறிவித்தார். அடுத்த ஞாயிறு விக்கிரவாண்டி பக்கம் ஒரு வண்டி. ஆப்பில் பார்த்ததுபோலவே பளபளவென்று இருந்தது. உள்ளே ஊதுபத்தி வாசனை ஆளைத் தூக்கியது. அக்காவுக்கு அந்த வாசனையே பிடிக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவினார். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் முனையில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தது. ஸ்டெப்னி டயரைத் தூக்கச் சொல்லி, அதன் பள்ளத்தின் மூலையில் குத்தூசியை விட்டுச் சுரண்டினார். காய்ந்த வண்டல் வந்தது. அதோடு ஒரு குட்டி நத்தைக் கூடும் வந்தது. வெள்ளத்தில் முழுகிய வண்டி. சிங்கிள் ஓனர் என்று சத்தியம் செய்துகொண்டிருந்த ஆளின் உள்ளங்கையில் அக்கா அந்த நத்தையை வைத்தார்.

"அப்போ இவரு யாருங்க?"

மூன்றாவது வண்டி கோட்டக்குப்பத்தில். விற்றவர் ஒரு பெரியவர், பாய். வளைகுடாவில் இருக்கும் மகன் லீவில் வந்தால் ஓட்டுவதற்காக வாங்கிப் போட்ட கார். வருடத்தில் பாதி நாள் தார்ப்பாய்க்குள்ளேயே கிடக்கும். ஆப்பில் பாய் போட்டிருந்த போட்டோவில் பாதியை அவர் விரலே மறைத்திருந்தது. அந்த விரலைப் பார்த்ததுமே அக்காவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனாலும் இரண்டரை மணி நேரம் விடவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த சேஸிஸ் நம்பரை வண்டியில் பொறித்திருந்ததோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். காரின் மேல் கடன் நிலுவையில்லை என்ற பேங்க் கடிதத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். நாலு டயரையும் மாப்பிள்ளையின் செருப்பைப் பார்ப்பதுபோல் தடவித் தடவிப் பார்த்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது, இடது பின் கதவில் மட்டும் நழுவியது. அக்கா எதுவும் பேசாமல் காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எனக்குக் கண் ஜாடை காட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பாய் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேம்மா. பின் கதவ நம்ம ஊட்டு கேட்லயே இடிச்சிட்டேன். பெயிண்ட் அடிச்சி வச்சிக்கினு பையன்கிட்டகூடச் சொல்லல. வெலையில நீங்களே பாத்துக் கொறச்சிக்குங்க."

அக்கா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"கொறைய அவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல நான் இன்னாத்தத் தோண்டறது? வாங்கிக்கோ தம்பி."

அந்தக் காரில் முதல் முறையாகச் செக்கப்புக்குக் கிளம்பிய காலையில், கூப்பிடாமலே அக்கா எங்கள் வாசலில் நின்றார். அவர் வீடும் திண்டிவனம்தான்; தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர், அன்றைக்கு லீவு போட்டிருந்தார். பின்சீட்டில் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். விக்கிரவாண்டி டோல் தாண்டி மறுபடியும். இத்தனை காரைப் பார்த்துச் சொன்ன மனுஷிக்கு, கார் ஓடினால் குடல் வெளியே வந்துவிடும் என்பதும், பார்த்த எந்தக் காரிலும் ஏறாமல் அவர் தனியாகத் திரும்பிப் போனது ஏன் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உண்டாகியிருந்தவள் நல்லாத்தான் இருந்தாள். அவள் அக்காவின் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியை நேராக அக்காவிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

இந்தப் பாடு படுவதற்கு ஏன் அக்கா வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"வாங்குன்னு சொன்னது நான்தான? ரெண்டு உசுரு அதுல ஏறிக்கினு வருது. நான் ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றது?"

பிரசவம் வரைக்கும் ஒரு செக்கப்பையும் அவர் விடவில்லை. ஒரு தடவைகூட வாந்தி எடுக்காமல் வந்ததும் இல்லை. என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அவள் பிறந்த அன்று, வெளியே நின்ற எங்களில் யாரிடம் கொடுப்பது என்று நர்ஸ் தயங்கியபோது, நான் அக்காவைக் காட்டினேன். அக்கா குழந்தையைப் புரட்டவில்லை, கையைக் காலை எண்ணவில்லை, நர்ஸிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.