முள்ளெலி முப்பிடாதியின் நன்னடத்தை

ஒரு காட்டில், அதுவும் செம்மண் தேரிக்காட்டில், முப்பிடாதி என்றொரு முள்ளெலி இருந்தாள். யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே பந்தாகச் சுருண்டுவிடுவாள். அவ்வளவு கூச்சம்.

அந்தக் காட்டில் மற்ற எல்லாரும் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் அணிலும் உடும்பும் தலைவாரி மாதா கோவிலுக்குப் போகும். முப்பிடாதி மட்டும் ஒரு கரையான் புற்றைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு அதிலேயே நாலு கரையானைத் தின்பாள். ஆனால் கிழக்குப் பக்கம் தோண்ட மாட்டாள். அங்கேதான் கரையான் குஞ்சுகள் இருந்தன. இந்த மதத்துக்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியாது. ஊர் அவளை அஞ்ஞானி என்றது.

அவள் மகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும். காட்டில் இருந்ததோ கோவில் பள்ளி ஒன்றுதான். விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள்.

கிளார்க் ஓணான் தாளைப் பார்த்துத் தலையாட்டியது.

"பெற்றோர் நன்னடத்தைப் பக்கம் காலியா இருக்கே. யாருக்குப் பயந்து ஒழுங்கா நடக்குற? கடவுளுக்கா, நரகத்துக்கா? ஒரு கட்டத்துல டிக் போடு."

"ரெண்டும் எனக்குப் பழக்கமில்லையே, அண்ணே."

"அப்போ உனக்கு நன்னடத்தை இல்ல. அடுத்த ஆளு!"

முப்பிடாதி சுருண்டாள். பின்னால் நின்ற உடும்பு அவளை உருட்டிவிடப் பார்த்து, முள் குத்தி அலறியது. சத்தம் கேட்டுப் பங்குச்சாமியார் ஆமை விரைந்து வந்தார். அரைமணி நேரம் ஆயிற்று.

"களவு எடுத்திருக்கியாம்மா?"

"இல்ல சாமி," என்றது பந்து.

"ஏன்?"

"பிடிபட்டா நாலு பேரு கேள்வி கேப்பாங்களே."

"பொய்?"

"அதுக்கு வாயத் திறக்கணுமே சாமி."

"அடுத்தவ புருஷன்மேல ஆசை?"

"நிமிர்ந்து பாத்தாத்தானே? என் வீட்டுக்காரரையே இன்னும் சரியாப் பாக்கல."

வரிசையே சிரித்தது. முப்பிடாதிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தன்னை நல்லவள் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டதெல்லாம் வெறும் கூச்சம்!

"சரி, புத்துல கிழக்குப் பக்கம் தோண்டலியாமே? அங்க யாரும் பாக்கலையே?"

"குஞ்சுங்க சாமி. பாவம்ல."

சாமியார் கொஞ்ச நேரம் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பேனாவை வாங்கி, தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். தாள் கேட்டது பயத்தைத்தான், இரக்கத்தை அல்ல; அதனால் பக்கத்தில் 'நாலு பேருக்கு' என்று எழுதினார். முப்பிடாதி டிக் போட்டாள். மகளுக்கு இடம் கிடைத்தது.

உடனே உடும்பு தலையைச் சொறிந்தது. "சாமி, அந்தப் பேனாவக் குடுங்க. என் தாள்லயும் ஒரு சின்னத் திருத்தம்." அணில் கேட்டது. மயில் கேட்டது. நாற்பது பேரும் மூன்றாவது கட்டத்துக்கு மாறினார்கள்.

"நல்லது," என்றது ஓணான். "முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். இந்தக் கட்டத்தக் கண்டுபிடிச்சது முப்பிடாதி. அவதான் மேடையேறிப் பேசணும்."

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "அன்னிக்கு எனக்கு வயித்துவலி, அண்ணே."

இன்னும் பத்து நாள் இருந்தது அந்தச் சனிக்கிழமைக்கு.

நீதி: ஒழுங்காக வாழ எந்த வேதமும் தேவையில்லை, கூச்சம் போதும், ஆனால் கையில் மைக் கொடுக்கும்வரைதான்.