ஈரப்பலா மரத்தடி விமானம்

மோட்டாருக்குத் தேங்காயெண்ணெய் விட்டது பிழை என்பது புகை வந்த பிறகுதான் சீனிமுகம்மதுவுக்குத் தெரிந்தது.

"இஞ்ச, வடை சுடுற மணம் வருது," என்றாள் அவன் மனைவி ஹாஜறா. அவள் வீட்டு வளவில், ஈரப்பலா மரத்தடியில், விமானத்தின் செட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வடை இல்ல, மோட்டார்."

"அப்ப சத்தம் நிண்டிட்டா?"

சத்தம் நிற்கவில்லை. அதுவரை வண்டு மாதிரி இரைந்தது, இப்போது தவளை மாதிரிக் கத்தியது.

கல்லோயா அணைக்கட்டுத் திட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் கையாலேயே செய்த விமானம் அது. மெல்லிய பலகை, பட்டுக் கடதாசி, வயிற்றுக்குள் பற்றரி. ஆள் ஏற இடமில்லை. துரை தரையில் நின்று ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தினால் அது வானத்தில் திரும்பும். ரேடியோவால் ஓட்டுவது. மோட்டார் இரையத் தொடங்கிய நாளிலிருந்து அது திரும்ப மறுத்தது. மோட்டாருக்குள் பொறி பறந்தால் ரேடியோவுக்குக் காது கேட்காது என்று துரையின் சாரதி விளக்கினான்.

சீனிமுகம்மது அம்பாறையில் இரவுக் காவல்காரனாக இருந்தவன். காவலில் தூங்கியதால் வேலை போனது. தூங்காத இரவொன்றில் துரையின் மேசை விசிறியைத் திருத்திக் கொடுத்திருந்தான். துரைக்கு அது நினைவிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மோட்டாரின் சத்தத்தை நிறுத்தினால் வேலைத்தளத்தில் பகல் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லி விமானத்தைக் கொடுத்தனுப்பினார்.

"வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இந்த வேல விசயத்தச் சொல்லாத, புள்ள," என்று ஹாஜறாவிடம் கேட்டுக்கொண்டான். "கிடைக்கல்லயெண்டா இன்னொருக்கா வெக்கப்பட என்னால ஏலா."

"சொல்லமாட்டன்."

ஹாஜறாவின் ஊரான சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். அதில் வெட்கமில்லை. ஆனால் மற்ற மாப்பிள்ளைமார் காலையில் கடலுக்கோ வயலுக்கோ போய்விடுவார்கள். இவன் காலையிலும் வீட்டில் இருந்தான். பகலிலும் இருந்தான். மாமனார் ஆதம்லெப்பை ஒன்றும் சொல்லவில்லை. சோறு தின்னும்போது மட்டும் சற்றுப் பலமாக மென்றார்.

மாமி சபியா உம்மா அவன் முன்னால் வருவதில்லை. மருமகன் முன்னால் மாமி வருவது அங்கே வழக்கமில்லை. கலியாணம் முடித்து வருடம் ஒன்றாகியும் அவன் அவளுடைய முகத்தைப் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சீலைத் திரைக்குப் பின்னால் ஒரு இருமல், அடுப்படிக் குசினிக்குள் ஓடி மறையும் ஒரு முக்காட்டு நுனி, பிறகு மகளிடம் சொல்வதுபோல ஒரு குரல்: "ஹாஜறா, மருமகனுக்கு மீன் காணுமா, இன்னும் வைக்கவாண்டு கேளு."

எண்ணெயைத் துடைத்துவிட்டு மோட்டாரைக் கல்முனையில் சைக்கிள் திருத்தும் தம்பிமுத்துவிடம் கொண்டுபோனான்.

"அச்சு ஆடுது தம்பி," என்றார் தம்பிமுத்து. "தோல் வாசர் ஒண்டு போட்டாச் சரி."

"இது சைக்கிள் இல்லயண்ணன், விமானம்."

"சுத்துறதெல்லாம் எனக்குச் சைக்கிள்தான்."

தோல் வாசர் போட்டபின் மோட்டார் நெல் ஆலை மாதிரி இரைந்தது. அதிர்வில் விமானத்தின் வால் கழன்று விழுந்தது. அந்த மாலை முழுவதும் ஹாஜறா சோற்றுப் பசை வைத்து வாலை ஒட்டினாள். ஒட்டியது கோணலாக இருந்தது. நேராகத்தான் இருக்கிறது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் வாசரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மோட்டாரை முழுதாகக் கழற்றினான். உள்ளே இருந்த கரித்துண்டுகளை உரசித் துப்புரவாக்கும்போது அவற்றை அழுத்திப் பிடிக்கும் சுருள்கம்பி துள்ளிப் போய்ப் புழுதியில் விழுந்தது. மாமனாரின் சிவத்தக் கோழிப் பேடு அதைப் புழு என்று நினைத்து விழுங்கியது.

"அறுப்பமா?" என்று கேட்டான்.

"அது வாப்பாட பேடு. முதல்ல உங்கள அறுப்பாரு."

வேறு சுருள் தேவைப்பட்டது. மாமனாரின் டோர்ச் லைற்றுக்குள் ஒன்று இருந்தது. அதை எடுத்து வெட்டி, வளைத்து, மோட்டாருக்குள் வைத்தான். இரண்டு நாளில் புதிய சுருள் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தான்.

ஆனால் ஆதம்லெப்பை அன்றைக்கே இறக்காமத்து வயலுக்குக் காவலுக்குப் போனார். காலையில் ஒரு செருப்போடு வந்து சேர்ந்தார்.

"யான," என்றார்.

"எங்க வாப்பா?" என்று ஹாஜறா கேட்டாள்.

"எனக்கு முன்னால. டோர்ச்ச அடிச்சன். பத்தல்ல. தட்டினன். பத்தல்ல. நான் தட்டுறத யான நிண்டு பார்த்துக்கிட்டு இரிக்கி. மறுகா அதுக்கே பாவமாப் போயிரிக்கும், திரும்பிப் போயிட்டு."

சீனிமுகம்மது தலையைக் குனிந்துகொண்டு சுருளை எடுத்ததை மட்டும் சொன்னான். மாமனார் மிஞ்சிய ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்தார்.

"சத்தமாவது நிண்டிட்டா?"

நின்றிருந்தது. பற்றரிக் கம்பியைத் தொடுத்தால் காற்றாடி சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. ஹாஜறா அவனுடைய கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

அன்று பகல், ஈரப்பலா மரத்தடியிலிருந்து தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனான். மண்டபத்தின் நடுவில் சபியா உம்மா முக்காடில்லாமல் உட்கார்ந்து அரிசிமா அரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் திடுக்கிட்டார்கள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். அவள் சுளகைப் போட்டுவிட்டு ஓடினாள். மண்டபம் முழுக்க மா. குசினிக் கதவு அடைபட்டது, மாலை அசர் தொழுகை வரைக்கும் திறக்கவில்லை.

"உம்மா வெக்கத்தில சாகிறா," என்றாள் ஹாஜறா. "கொஞ்சம் இருமிப்போட்டு வரக் கூடாதா?"

"என்ட தலையில மா இரிக்கா பாரு."

மறுநாள் மோட்டார் மறுபடி இரைந்தது. கழற்றிப் பார்த்தான். உள்ளே மண். கடற்காற்று என்று நினைத்து, துடைத்து, துணியால் சுற்றி முடிந்து மரத்தடியில் வைத்தான். அதற்கு அடுத்த நாளும் மண். கடற்காற்று துணியின் முடிச்சை அவிழ்த்து, மண்ணைப் போட்டு, முடிச்சை மறுபடி கட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் போவதாகச் சொல்லிப் போனான். தொழுத கையோடு பின்வேலியால் வந்து தென்னோலைக் கிடுகுக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினான். பக்கத்து வீட்டாரோ, மாமனாரோ, யாராக இருந்தாலும் கையைப் பிடித்துவிடுவது என்று இருந்தான்.

வந்தது சபியா உம்மா.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கையில் கொண்டுவந்த சிரட்டையிலிருந்து மண்ணைக் கிள்ளி எடுத்தாள். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி மோட்டாருக்குள் போட்டாள். முடிச்சைப் பக்குவமாகக் கட்டினாள்.

சீனிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டான். கள்ளனைப் பிடித்தாகிவிட்டது, ஆனால் கள்ளனைப் பார்க்கக்கூடாது. பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. அவள் உடனே போகவும் இல்லை. முருங்கையிலை ஆய்ந்துகொண்டு வளவைச் சுற்றி ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்தாள். கிடுகில் இருந்த முசுறு எறும்புகள் அவன் முதுகைத் தின்றன. அவள் போகுமட்டும் அவன் அசையவில்லை.

"உன்ட உம்மாக்கு என்னில என்ன கோவம்?" என்று அன்று மாலை ஹாஜறாவிடம் கேட்டான்.

"கோவமா? பெரிய மீன உங்களுக்குத்தான் வைக்கச் சொல்ற. என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல. வேல விசயம் உம்மாக்குத் தெரியுமா?"

"நீங்கதானே சொல்லாதண்டீங்க."

பெரிய மீனை வைத்துக்கொண்டே ஒருவரை வெறுக்கலாம் என்று தெரிந்துகொண்டான். அது அவனை யானையை விடப் பயமுறுத்தியது. ஒரு கோழியிறகால் மண்ணைத் தட்டி எடுத்து, மோட்டாரை உடுத்தும் சாரனில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் துரை ஜீப்பில் கடற்கரைக்கு வந்தார். விமானம் மணலில் ஓடி எழும்பியது. வால் கோணல் என்பதால் ஒருபக்கம் சரிந்தே பறந்தது. ஆனால் சத்தமில்லை. துரை பொத்தானை அழுத்தினார். தோணிகளுக்கு மேலே அது திரும்பியது. மறுபடி அழுத்தினார், மறுபடி திரும்பியது. கரைவலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

துரை சிரித்து ஏதோ சொன்னார். சாரதி அதைத் தமிழில் சொன்னான்: "திங்கக்கிழம வரட்டாம். விடியப் போனா பொழுதுபடத்தான் வீடு. ஏலுமா?"

"ஏலும்," என்றான் சீனிமுகம்மது.

வீட்டில் ஆதம்லெப்பை செய்தியைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. ஹாஜறா கண்ணைத் துடைத்தாள். திரைக்குப் பின்னாலும் ஒரு விம்மல் கேட்டது.

சீனிமுகம்மதுவுக்கு மனம் கசந்தது. இந்த நாளிலும் ஒருத்தி தன்னால் அழுகிறாள். அடக்க முடியவில்லை.

"ஹாஜறா, மாமிட்ட சொல்லு. நான் பகல்ல இனி இஞ்ச நிக்கமாட்டன். மோட்டாருக்குள்ள மண் போடத் தேவல்ல."

மாமனாரின் கை அவன் தோளிலேயே நின்றுவிட்டது. ஹாஜறா திரையைப் பார்த்தாள். பிறகு சபியா உம்மாவின் குரல் வந்தது.

"ஹாஜறா, மருமகனுக்குச் சொல்லு. அந்தச் சத்தம் கேட்டாத்தானே அவரு மரத்தடியில நிக்கிறாரெண்டு நான் குசினிய விட்டு வெளிய வாற. அண்டைக்குச் சத்தமில்லாமப் போகத்தான் அவரு வீட்டில இல்லயெண்டு மண்டபத்துக்கு வந்தன். அது நிண்டா அவருக்குப் பகல் வேல கிடைக்குமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே அதக் கழுவித் துடைச்சுக் குடுத்திரிப்பனே."